வீட்டுக்குள் வந்த இணையம்

பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பு பெங்களூரின் கடைத்தெருக்களில் நடந்தவர்கள் ‘சைபர் கஃபே’ என்னும் பெயர்ப்பலகைகளைப் பல இடங்களில் கண்டிருப்பார்கள். மல்லேஸ்வரத்திலும் அவை இருந்தன. அதே கடையைத் தமிழ்நாட்டில் ‘பிரௌசிங் சென்டர்’ என்றார்கள். வீட்டில் கணினி இல்லாதவர்களும், கணினி இருந்தும் இணைய இணைப்பு இல்லாதவர்களும் அங்கே சென்று, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தி இணையத்தைப் பயன்படுத்தினர். தேர்வு முடிவைப் பார்க்கவும், வேலைக்கு விண்ணப்பிக்கவும், அயல்நாட்டு உறவினருக்கு மின்னஞ்சல் அனுப்பவும் மக்கள் காத்திருந்தனர். பள்ளி மாணவர்களும் சென்றனர்.

இக்கடைகளுக்கென 2011ஆம் ஆண்டில் மத்திய அரசு விதிகளை வெளியிட்டது. கடைக்குள் அமைக்கும் தடுப்புகள் நான்கரை அடிக்கு மேல் உயரலாகாது. தடுப்புக்கு வெளியே வைக்கும் கணினிகளின் திரை, கடையின் பொதுவெளியை நோக்கி இருத்தல் வேண்டும். சிறுவர் ஒருவர் தடுப்புக்குள் அமர்வதாயின் பெற்றோரோ பாதுகாவலரோ உடன் இருத்தல் வேண்டும். வருவோரின் பெயரும் நேரமும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். பார்த்த தளங்களின் விவரத்தை ஓராண்டுக் காலம் காக்க வேண்டும். இவை அவ்விதிகளுள் சில.

எல்லாக் கடைக்காரர்களும் இவற்றைக் கடைப்பிடித்தார்கள் என்று யாரும் சாதிக்க முடியாது. ஆயினும் விதிகளை எழுதியவர்கள் ஒன்றைச் சரியாக உணர்ந்திருந்தனர். சிறுவர்கள் இணையத்தின் பக்கமே வரலாகாது என்று அவர்கள் எழுதவில்லை. வருகின்ற சிறுவர்கள் நாலு பேர் பார்வையில் இருக்க வேண்டும் என்று எழுதினர். தன் திரை வெளிப்பக்கம் பார்த்திருப்பது அங்கு அமர்ந்த சிறுவனுக்குத் தெரியும். பதிவேட்டில் தன் பெயர் இருப்பதும் தெரியும். தெரிந்தே பார்க்கப்படுவதற்கும் ஒளிந்திருந்து பார்க்கப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்பாடம் முழுவதும் அது தேவைப்படும்.

இன்று அத்தகைய கடைகள் அரிதாகிவிட்டன. கடையிலிருந்த கணினி சுருங்கித் தந்தையின் சட்டைப்பைக்குள் ஏறிக்கொண்டது. கடைக்காரர் இல்லை, பதிவேடு இல்லை, பொதுவெளியை நோக்கிய திரையும் இல்லை. கடைக்காரர் செய்ய வேண்டியிருந்த வேலையை இப்போது பெற்றோர் செய்ய வேண்டியுள்ளது. அதை அவர்கள் எவ்வாறு செய்கின்றனர், எவ்வாறு செய்தால் நலம் என்பதைக் காண்போம். பெற்றோருக்கு உரிய செய்தியைப் பிள்ளைகளின் பாடநூலில் ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கான விடையும் இப்பாடத்திலேயே உள்ளது.

மல்லேஸ்வரத்துக்கும் இணையத்துக்கும் உள்ள உறவு பழையது. 1898ஆம் ஆண்டு பெங்களூரில் பிளேக் நோய் பரவிய பின்னர், மக்கள் நெருக்கடியின்றி வாழ்வதற்காக நேரான அகன்ற தெருக்களுடன் உருவாக்கப்பட்ட பகுதி இது. இதற்கு அருகிலேயே 1909இல் தோன்றிய இந்திய அறிவியல் கழகம் உள்ளது. 1986இல் மத்திய அரசு கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை இணைக்க ‘எர்நெட்’ என்னும் வலைப்பின்னலைத் தொடங்கியபோது, அதில் முதலில் சேர்ந்த சில நிறுவனங்களுள் இக்கழகமும் ஒன்றாகும். பொதுமக்களுக்கு இணையம் கிடைத்ததோ 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள்தான். அப்போதும் அது அலுவலகங்களிலும் வசதி படைத்த சிலர் வீட்டிலும் இருந்ததே தவிர, குழந்தைகளின் கைக்கு வரவில்லை.

குழந்தைகளின் கையில் அதை ஒரேயடியாகக் கொண்டுவந்து சேர்த்தது கொரோனா. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் திரைக்குள் புகுந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கர்நாடக அரசு, சிறு வகுப்புக் குழந்தைகளுக்கு இணையவழியில் வகுப்பு நடத்துவதைத் தடை செய்தது. பிஞ்சுக் குழந்தைகள் மணிக்கணக்கில் திரையைப் பார்ப்பது நன்றன்று என்பது அரசின் கவலை. அத்தடையை எதிர்த்துப் பெற்றோர் சிலர் நீதிமன்றத்தை நாடினர். ஜூலை 8ஆம் நாள் கர்நாடக உயர் நீதிமன்றம், கல்வி பெறும் உரிமையைச் சுட்டிக்காட்டித் தடையை நிறுத்திவைத்தது. அதே மாதத்தில் மத்திய அரசு ‘பிரக்யதா’ என்னும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு ஒரு நாளில் 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு பாடவேளைகளுக்கு மேல் வேண்டா. 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கு நான்கு பாடவேளைகளுக்கு மேல் வேண்டா என்று அந்நெறிகள் கூறின.

ஒரே ஊரில், ஒன்றரை மாத இடைவெளிக்குள், இரண்டு அச்சங்கள் நேருக்கு நேர் நின்றன. திரை பிள்ளையைக் கெடுத்துவிடும் என்பது ஓர் அச்சம். திரை இல்லாவிட்டால் பிள்ளையின் படிப்பு போய்விடும் என்பது மற்றோர் அச்சம். பள்ளிகள் திறந்து ஆண்டுகள் பல ஆகியும் அவ்விரண்டும் பெற்றோர் மனத்தை விட்டு நீங்கவில்லை. ‘எந்நேரமும் அதையே நோண்டாதே’ என்று காலையில் சொன்ன அன்னை, மாலையில் ‘ஆசிரியர் குழுவில் என்ன அனுப்பியிருக்கிறார், பார்த்துச் சொல்’ என்று அதே திறன்பேசியை நீட்டுகிறார். இதில் அவர் மீது குறை காண்பதற்கு ஒன்றுமில்லை.

வேலையின் பொருட்டுத் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து குடியேறிய குடும்பங்களில் திறன்பேசிக்குப் பணிகள் இன்னும் மிகுதி. ஊரில் இருக்கும் ஆத்தாவின் முகம் அதில்தான் தெரிகின்றது. சம்பளம் வந்த செய்தி, மின்கட்டணம், காய்கறிக் கடைக்குப் பணம் செலுத்தும் செயலி, பள்ளியின் வாட்ஸ்அப் குழு, மாமன் மகள் திருமண அழைப்பிதழ் ஆகிய அனைத்தும் அதற்குள் இருக்கின்றன. இப்படிப்பட்ட கருவியைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டி வைக்கச் சொல்வது எளிய அறிவுரை. ஆனால் அதை எத்தனை நாள் பூட்டி வைக்க இயலும்? எனவே பூட்டுவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்வதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கின்றது.

கண்காணிப்பு என்றதும் பலர் கருவிகளையே நினைக்கின்றனர். ஆகவே முதலில் கருவிகளை அறிந்துகொள்வோம்.

எல்லாவற்றிலும் எளியது தேடல் வரலாறு. உலாவியில் எந்தெந்தப் பக்கங்கள் திறக்கப்பட்டன என்பதை அது காட்டும். அதை அழித்துவிட இயலும் என்பது உங்களுக்குத் தெரியும். பெற்றோருக்கும் பெரும்பாலும் தெரியும். ‘மறைநிலை’ என்றொரு பயன்முறையும் உண்டு. அப்பெயரைக் கேட்டதும், கதையில் வரும் மாயத் தொப்பியைப் போல அணிந்தவரை மறைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் கருவியில் வரலாறு சேமிக்கப்படாமல் இருப்பது மட்டுமே அதன் வேலை. இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்துக்கும், நீங்கள் சென்று பார்த்த தளத்துக்கும் நீங்கள் மறைந்திருப்பதில்லை.

வீட்டில் வைஃபை இருந்தால், அதன் ரவுட்டரிலேயே சில ஏற்பாடுகளைச் செய்யலாம். இரவு பத்து மணிக்கு மேல் இணைப்பை நிறுத்திவைக்கலாம். தீய தளங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு அவற்றைத் திறக்கவிடாமல் தடுக்கும் வடிகட்டிகளையும் அதில் பொருத்தலாம். ஆனால் திறன்பேசியிலுள்ள சிம் அட்டை வழியாக இணையம் வந்துவிட்டால் ரவுட்டரின் காவல் பயன்படாது. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தாற்போல் ஆகிவிடும்.

ஆண்ட்ராய்டு திறன்பேசிகளுக்குக் கூகுள் நிறுவனம் 2017இல் ‘ஃபேமிலி லிங்க்’ என்னும் செயலியை வெளியிட்டது. ஆப்பிள் நிறுவனம் 2018இல் ‘ஸ்கிரீன் டைம்’ என்னும் வசதியைத் தந்தது. ஃபேமிலி லிங்க் வழியாகப் பெற்றோர், பிள்ளை எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் செலவிட்டான் என்பதைப் பார்க்கலாம். புதிய செயலியை நிறுவ அனுமதி தரலாம் அல்லது மறுக்கலாம். உறங்கும் நேரத்தில் கருவியைப் பூட்டலாம். பிள்ளையின் கருவி எங்கு உள்ளது என்பதையும் அறியலாம். அவன் யாருக்கு என்ன செய்தி எழுதினான் என்பதை அது காட்டுவதில்லை. பெற்றோர் எவற்றையெல்லாம் பார்க்க இயலும் என்பதைப் பிள்ளையும் தன் கருவியில் தெரிந்துகொள்ளலாம். இந்தியாவில் 2025 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த இன்ஸ்டாகிராமின் பதின்பருவக் கணக்கும் ஏறத்தாழ இத்தகையதே. மேற்பார்வையை ஏற்படுத்திக்கொண்ட பெற்றோர், கடந்த ஏழு நாள்களில் மகள் யாருடன் செய்தி பரிமாறினாள் என்பதைப் பார்க்கலாம். செய்தியைப் படிக்க இயலாது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தகைய பாதுகாப்புகள் எல்லாம் நீங்கள் தரும் பிறந்த ஆண்டைப் பொறுத்தே செயல்படுகின்றன. சமூக ஊடகங்கள் பலவற்றில் 13 வயது நிரம்பாதோர் கணக்குத் தொடங்கலாகாது. அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தால் வந்த வரம்பு அது. அதைத் தாண்டுவதற்காகத் தந்தையின் பிறந்த நாளைத் தம் பிறந்த நாளாகப் பதிவு செய்த மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் இருப்பார்கள். பதினொரு வயதுப் பிள்ளையை நாற்பது வயதினர் என்று அந்தச் செயலி அன்றுமுதல் நம்பிவிடுகின்றது. நாற்பது வயதினருக்குரிய விளம்பரங்களையும் காணொளிகளையும் காட்டுகின்றது. அறிமுகமற்றவர்களின் செய்திகளையும் தடையின்றிக் கொண்டுவந்து சேர்க்கின்றது. பெற்றோர் எத்தனை கருவிகளைப் பொருத்தினாலும் இந்த ஒரு பொய் அவற்றைப் பயனற்றதாக்கிவிடும்.

வடிகட்டிகளுக்கும் எல்லை உண்டு. தெரிந்த தீய தளத்தை அவை தடுக்கும். நல்லவர் போலப் பேசும் தீயவரை அவற்றால் கண்டுகொள்ள இயலாது. அன்றியும், ஆங்கிலச் சொற்களை அறிந்த அளவுக்கு அவை தமிழ்ச் சொற்களை அறிவதில்லை. தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதிவிட்டால் இன்னும் தடுமாறும். உடல்நலம் பற்றிய அறிவியல் பாடத்தைத் தீயதென்று கருதித் தடுத்துவிடுவதும் உண்டு.

சரி, இந்த ஏற்பாடுகளை வீட்டில் செய்து கொடுப்பவர் யார்? பல வீடுகளில் நீங்கள்தாம். தந்தைக்கு வங்கிச் செயலியை நிறுவிக் கொடுத்தவரும், அன்னைக்கு வாட்ஸ்அப்பில் படம் வைக்கக் கற்றுக் கொடுத்தவரும், கன்னடத்தில் வந்த குறுஞ்செய்தியைப் படித்துப் பொருள் சொன்னவரும் நீங்கள்தாம். வீட்டிலுள்ள கடவுச்சொற்கள் அனைத்தும் உங்களுக்குத் தெரியும். காவல் காப்பவரின் சாவிக்கொத்து, காக்கப்படுபவரின் கையிலேயே இருக்கின்றது. பெற்றோரின் கண்காணிப்பைப் பற்றிய பாடத்தை நீங்கள் படிக்க வேண்டியதன் காரணம் இதுவே. உங்கள் ஒத்துழைப்பின்றி இவ்வேலை நடவாது.

ஒத்துழைப்பை எங்கிருந்து தொடங்கலாம்? திறன்பேசியின் மொழியை மாற்றுவதிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். ஏறத்தாழ எல்லா ஆண்ட்ராய்டு திறன்பேசிகளிலும் ‘அமைப்புகள்’ பகுதிக்குள் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடம் உண்டு. அதில் தமிழும் உண்டு. தமிழ் படிக்கத் தெரிந்த, ஆங்கிலம் தடுமாறும் பெற்றோருக்கு அந்த ஒரு மாற்றம் பெரிய கதவைத் திறந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அருகில் அமர்ந்து அப்பகுதியை உரக்கப் படியுங்கள். ‘அனுமதிகள்’, ‘அறிவிப்புகள்’, ‘இருப்பிடம்’, ‘தனியுரிமை’ போன்ற சொற்கள் வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் அம்மா பொருள் கேட்பார். டார்ச் விளக்குச் செயலிக்கு நம் தொடர்பு எண்கள் எதற்கு என்று அவர் கேட்டால், உங்களிடமும் விடை இருக்காது. இருவருமாகச் சேர்ந்து அந்த அனுமதியை நீக்கிவிடலாம். பொருள்கள் வாங்கும்போது கடவுச்சொல் கேட்குமாறு பிளே ஸ்டோரில் அமைத்துவிடலாம். அந்தக் கடவுச்சொல்லை அம்மா தாமே தட்டச்சு செய்யட்டும்; நீங்கள் சற்று வேறு பக்கம் பாருங்கள்.

இனி முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன வேறுபாட்டுக்கு வருவோம். பெற்றோர் சிலர் பிள்ளைக்குத் தெரியாமல் உளவுச் செயலிகளை நிறுவுகின்றனர். பிள்ளையின் செய்திகள், படங்கள், அழைப்புகள் யாவும் அவற்றின் வழியே இரகசியமாக அவர்களுக்கு வந்து சேரும். அக்கறையால் செய்வதுதான். ஆனால் அதே செய்திகளும் படங்களும் முன்பின் அறியாத ஒரு நிறுவனத்தின் கணினியிலும் போய்ச் சேர்கின்றன என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பிள்ளையைக் காக்க வைத்த காவலே பிள்ளையின் படங்களை வெளியே கொண்டுபோய்விடுகின்றது. தன்னை மறைத்துக்கொண்டு வேவு பார்க்கும் செயலிகளைக் கூகுள் நிறுவனம் தன் பிளே ஸ்டோரில் அனுமதிப்பதில்லை. பெற்றோருக்கான செயலியாயினும், தான் இயங்குவதைத் திரையில் அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதன் விதி. சைபர் கஃபேயின் வெளிப்பக்கம் பார்த்த திரையை இது நினைவூட்டுகின்றது அல்லவா?

தனியுரிமை என்னும் சொல்லுக்கு இந்நாட்டில் உறுதியான பொருளைப் பெற்றுத் தந்தவர் பெங்களூர்க்காரர் ஒருவர். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி, ஆதார் திட்டம் தொடர்பாக 2012இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அப்போது அவர் எண்பது வயதைக் கடந்தவர். அவ்வழக்கில் 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். குழந்தைகளுக்கும் தனியுரிமை உண்டு என்பதை, ஐக்கிய நாடுகள் அவை 1989இல் நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு கூறுகின்றது. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது. பெற்றோர் பிள்ளையின் இணையப் பயன்பாட்டைப் பார்ப்பது தேவைக்கு ஏற்ற அளவில், பிள்ளையின் வளர்ச்சிக்கு ஏற்ற வகையில் இருக்க வேண்டும் என்று அவ்வுடன்படிக்கைக்கான குழு 2021இல் விளக்கியது.

வளர்ச்சிக்கு ஏற்ற வகை என்றால் என்ன? இரண்டாம் வகுப்பில் படிக்கும் தம்பி காணொளி பார்க்கும்போது அப்பா அருகிலேயே இருக்கலாம். எதைப் பார்ப்பது என்பதையும் அவரே தேர்ந்தெடுக்கலாம். பத்தாம் வகுப்பில் படிக்கும் அக்காவின் தோளுக்குப் பின்னால் அவ்வாறே நின்றால் அது அவளுக்கு அவமானம். மல்லேஸ்வரம் மைதானத்துக்கு விளையாடச் செல்லும் மகனிடம் ஓர் அன்னை மூன்று கேள்விகள் கேட்பார்: யாரோடு போகிறாய், எங்கே இருப்பாய், எப்போது வருவாய்? கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார். பந்து வீசும் இடத்தில் போய் நின்றுகொள்ள மாட்டார். அந்த மூன்று கேள்விகளும் இணையத்துக்கும் பொருந்தும். அவற்றைக் கேட்க எந்தச் செயலியும் தேவையில்லை. கேட்கும் நேரம் அன்னைக்கு இருக்க வேண்டும். மறைக்காமல் விடை சொல்லும் மனம் மகனுக்கு இருக்க வேண்டும்.

இவ்வளவும் எதற்காக என்பதற்கு வருவோம். இது சற்றுக் கடினமான பகுதி. ஆயினும் தெரிந்துகொள்ள வேண்டியது.

இணைய விளையாட்டில் ஒருவர் அறிமுகமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாமும் எட்டாம் வகுப்பு என்கிறார். விளையாட்டில் உதவுகிறார், பாராட்டுகிறார். வேறொரு செயலிக்கு வந்து பேசலாம் என்கிறார். சில நாள் கழித்து ஒரு படம் கேட்கிறார். முதலில் சாதாரணப் படம். பிறகு அனுப்பக் கூடாத படம். அது கைக்குப் போனதும் அவர் பேச்சு மாறுகின்றது. ‘இன்னும் அனுப்பு, இல்லையேல் இதை உன் அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்’ என்கிறார். சிலர் பணம் கேட்கின்றனர்.

அந்த மிரட்டலை மீண்டும் ஒருமுறை படியுங்கள். அந்தக் கயவர் காவல்துறையைச் சொல்லி அச்சுறுத்தவில்லை. உங்கள் தந்தையைச் சொல்லி அச்சுறுத்துகிறார். பிள்ளை தன் வீட்டுக்கு அஞ்சும் என்பதே அவருடைய முதலீடு. தந்தை அடிப்பார், திறன்பேசியைப் பறிப்பார், பள்ளியை நிறுத்திவிட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று பிள்ளை எண்ணினால், வாய் திறவாது. வாய் திறவாத வரைக்கும் அந்தக் கயவருக்கு ஆபத்தில்லை. இரகசியமாக உளவு பார்த்துக் கோபத்தோடு கண்டுபிடிக்கும் பெற்றோரும் இந்த அச்சத்தையே வளர்க்கின்றனர். ‘எது நடந்தாலும் முதலில் என்னிடம் சொல், திட்ட மாட்டேன், திறன்பேசியையும் பறிக்க மாட்டேன்’ என்று முன்கூட்டியே சொல்லி, அச்சொல்லைக் காப்பாற்றும் பெற்றோரின் பிள்ளையிடம் இந்த மிரட்டல் பலிக்காது. இதற்கு நிகரான காவலை எந்தக் கருவியும் தர இயலாது என்றே நான் கருதுகிறேன்.

அப்படி ஏதேனும் நேர்ந்தால் செய்ய வேண்டியவை சில உள்ளன. பணம் தரக் கூடாது. மேலும் படம் அனுப்பக் கூடாது. அச்சத்தில் செய்திகளை அழித்துவிடக் கூடாது; அவையே சான்று. அந்தப் படத்தை உதவி கேட்பதற்காகக்கூட வேறு யாருக்கும் அனுப்பலாகாது. பெற்றோரிடமோ, நம்பிக்கைக்குரிய ஆசிரியர், அத்தை, சித்தப்பா என யாரேனும் ஒரு பெரியவரிடமோ சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930. தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் புகார் அளிக்கலாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும் காக்கின்றது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, குழந்தைகளின் ஆபாசப் படங்களை உருவாக்குவோரையும் பரப்புவோரையும் தண்டிக்கின்றது. ஏமாற்றப்பட்டு மிரட்டப்படும் பிள்ளையை இச்சட்டங்கள் பாதிக்கப்பட்டவராகவே பார்க்கின்றன. இதைப் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். பலர் காவல் நிலையம் செல்ல அஞ்சுவது, குற்றம் தம் பிள்ளை மீதே திரும்பிவிடுமோ என்னும் கவலையால்தான்.

நேரம் பற்றிய சிக்கல் வேறு வகை. பெங்களூரிலுள்ள நிமான்ஸ் மருத்துவ நிறுவனத்தில் 2014இல் ‘ஷட்’ என்னும் பெயரில் ஒரு மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. இணையத்தையும் விளையாட்டுகளையும் அளவு மீறிப் பயன்படுத்தித் தவிப்போருக்கு அங்கு ஆலோசனை வழங்கப்படுகின்றது. அப்பெயர் ஆங்கிலத்தில் ‘மூடு’ என்று ஒலித்தாலும், தொழில்நுட்பத்தை நலமாகப் பயன்படுத்துவதற்கான சேவை என்பதே அதன் விரிவு. உலகச் சுகாதார நிறுவனமும் விளையாட்டுக் கோளாற்றை நோய்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. அப்பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதிக நேரம் விளையாடும் எல்லாரும் நோயாளிகள் அல்லர். விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முதன்மை ஆகிவிடுதல், தீங்கு நேர்ந்தும் விடாதிருத்தல் ஆகிய மூன்றும் பொதுவாக ஓராண்டுக் காலம் தொடர்ந்தால்தான் மருத்துவர்கள் அதைக் கோளாறு என்பர். விடுமுறையில் இரண்டு நாள் விளையாடியதற்கு ‘உனக்கு அடிமை நோய் வந்துவிட்டது’ என்று அப்பா சொன்னால், இப்பத்தியை அவருக்குக் காட்டலாம். உறக்கமும் உணவும் படிப்பும் நட்பும் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டே போனால், நீங்களே அவரிடம் சென்று சொல்லுங்கள். மனநல உதவிக்கு 14416 என்னும் ‘டெலி மானஸ்’ எண் உண்டு. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

பெற்றோரைத் தவிர உங்களைக் கண்காணிப்போர் வேறு சிலரும் உள்ளனர். எதைப் பார்த்தீர்கள், எவ்வளவு நேரம் நிறுத்திப் பார்த்தீர்கள், எதைத் தள்ளிவிட்டீர்கள் என்பதையெல்லாம் செயலிகளை நடத்தும் நிறுவனங்கள் குறித்துக்கொள்கின்றன. அடுத்த காணொளி அதற்கேற்பவே வருகின்றது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகின்றது. குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடை செய்கின்றது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்கள் அவற்றை நடைமுறைப்படுத்தக் கால அவகாசம் தரப்பட்டுள்ளது. அம்மா நாளொன்றுக்கு இருமுறை எட்டிப் பார்ப்பதற்குச் சினம் கொள்ளும் நாம், நொடிதோறும் பார்த்துக்கொண்டிருக்கும் நிறுவனத்தை நினைப்பதே இல்லை.

இனி வீட்டில் செய்து பார்க்க வேண்டியது. ஒரு தாளில் உங்கள் குடும்பத்துக்கான இணைய உடன்பாட்டைத் தமிழில் எழுதுங்கள். அமரும் இடம், நேரம், இரவில் திறன்பேசி மின்னேற்றப்படும் இடம் (கூடம் நல்லது, தலையணை அருகில் வேண்டா), பெற்றோர் பார்க்கக் கூடியவை, பார்க்கக் கூடாதவை ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். பெற்றோருக்கும் விதிகள் இருக்கட்டும். சோறு உண்ணும்போது அப்பாவும் திறன்பேசியைக் கீழே வைக்க வேண்டும். பிள்ளையின் படத்தை உறவினர் குழுவில் போடுமுன் பிள்ளையைக் கேட்க வேண்டும். தவறு நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். அந்த வரியைப் பெற்றோர் தம் கையெழுத்தில் எழுதினால் நன்று. அனைவரும் கையொப்பமிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் திருத்துங்கள்; உங்கள் வயது கூடும்போது விதிகளும் மாறத்தான் வேண்டும்.

சிந்தித்து எழுதுக

1. 2011ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதிகளுள் எவற்றை உங்கள் வீட்டில் பின்பற்றலாம்? எவை பொருந்தா? காரணம் தருக.

2. ‘உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன்’ என்னும் மிரட்டல் எந்த வீட்டில் பலிக்கும், எந்த வீட்டில் பலிக்காது? பத்து வரிகளில் எழுதுக.

3. திறன்பேசியைத் தமிழுக்கு மாற்றி, ‘அமைப்புகள்’ பகுதியில் காணும் பத்துச் சொற்களைத் தொகுக்க. அவற்றின் பொருளை உங்கள் பாட்டிக்குத் தொலைபேசியில் விளக்குவது போல எழுதுக.